கோணக் கணக்கில் காரணத்துக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், நாற்கரங்களிலும் பிற பலகோணங்களிலும் தெரியாத கோணத்தைக் கண்டுபிடிப்பது பற்றி அண்மையில் வெளியான மாதிரி வினா விடைகளைப் படித்தேன். விடைகளில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் ஒரு சூத்திரம், அதற்குக் கீழே எண்களைப் பொருத்தி ஒரு வரி, அதையடுத்து விடை என்று தீர்வு முடிந்துவிடுகிறது. அந்தச் சூத்திரம் எப்படி வந்தது, குறிப்பிட்ட அந்தப் படத்துக்கு அது எதனால் பொருந்துகிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடைகளில் கிடைக்கும் வழிகாட்டி நூல்கள் பலவற்றிலும் இதே நடைமுறையைக் காண்கிறேன். நில அளவராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருபவன் என்ற முறையில், இந்தப் பாடத்தில் காரணத்தை எழுதச் சொல்லாமல் விடுவது பாடத்தையே விட்டுவிடுவதாகும் என்று கருதுகிறேன்.

அதுவரை கோணம் என்றாலே கோணமானியை வைத்து அளந்து எழுதுவது என்று பழகிய பிள்ளை, தான் அளக்காத ஒரு கோணத்தைப் பற்றி, "இது 85 பாகைதான், வேறாக இருக்க வழியில்லை" என்று முதன்முதலாக உறுதியோடு சொல்வது இந்தப் பாடத்தில்தான். ஒரு நாற்கரத்தின் மூன்று கோணங்கள் 70, 95, 110 பாகை என்றால், அவற்றைக் கூட்டி 360இலிருந்து கழிப்பதற்குத் தொடக்கப் பள்ளிக் கணக்கறிவே போதும். நான்கும் சேர்ந்து 360 ஆகத்தான் வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, அதற்கு அந்தப் பிள்ளை தன் வாயால் பதில் சொல்லும்போதுதான் வடிவியல் தொடங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமலே முழு மதிப்பெண் கொடுத்துவிட்டால், நாம் கழித்தலுக்குத்தான் மதிப்பெண் கொடுத்திருக்கிறோம்.

பதில் ஒன்றும் பிள்ளைகளுக்கு எட்டாதது அன்று. முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால், அடியிலுள்ள இரண்டு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே வந்து, உச்சிக் கோணத்தோடு சேர்ந்து நேர்கோட்டின் 180 பாகையை நிரப்பிவிடுகின்றன. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பு யூக்ளிட்டும் இணைகோடு வரைந்தே இதை நிறுவினார். அவருடைய நூலின் முதல் பகுதியில் 32ஆவது கூற்று இது. நாற்கரத்துக்குள் ஒரு மூலைவிட்டம் வரைந்தால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும்; ஆகவே 360. ஐங்கோணத்தில் ஒரே முனையிலிருந்து மூலைவிட்டங்கள் வரைந்தால் மூன்று, அறுகோணத்தில் நான்கு. பக்க எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழித்து 180ஆல் பெருக்கு என்ற சூத்திரம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

என்னிடம் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், நாற்கரத்துக்கு இரண்டு மூலைவிட்டங்களையும் வரைந்துவிட்டு, நான்கு முக்கோணங்கள் கிடைத்ததைக் கண்டு, "நான்கு 180, ஆக 720 பாகை வருகிறது, புத்தகத்தில் 360 என்று போட்டிருக்கிறதே ஐயா?" என்று கேட்டான். சூத்திரத்தைப் பார்த்து எழுது என்று அவனை அடக்கியிருந்தால் அன்றைய பாடம் அங்கேயே முடிந்திருக்கும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நடுப்புள்ளியில் பென்சில் முனையை வைத்து, இங்கே கூடியிருக்கும் நான்கு கோணங்களும் நாற்கரத்தின் மூலைகளைச் சேர்ந்தவையா என்று கேட்டேன். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், அந்த நான்கையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இது 360, நமக்கு வேண்டாதது" என்று அடித்துவிட்டு, மீதம் 360 என்று எழுதினான். பிறகு அவனாகவே ஓர் ஐங்கோணத்தின் நடுவில் புள்ளி வைத்து, ஐந்து முக்கோணங்களின் 900இலிருந்து 360ஐக் கழித்து 540க்கு வந்து சேர்ந்தான். ஒரே முனையிலிருந்து பிரித்தாலும் 540தான். சூத்திரத்தில் கழிக்கப்படும் அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்பது இனி அவனுக்கு மறக்காது; நடுப்புள்ளியில் கழிந்துபோகும் 360 பாகை என்பது இரண்டு முக்கோணங்களின் அளவு.

விடையோடு நின்றுவிடுவதால் எவ்வளவை இழக்கிறோம் என்பதற்கு, வழிகாட்டி நூல்களில் அடிக்கடி இடம்பெறும் ஒரு கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாற்கரத்தின் கோணங்கள் வரிசையாக 1:2:3:4 என்ற விகிதத்தில் உள்ளன. அவற்றைக் காண்க என்பது கேள்வி. மொத்தம் பத்துப் பங்கு, ஒரு பங்கு 36, ஆகவே 36, 72, 108, 144 என்று எழுதி அடிக்கோடிட்டு எல்லாரும் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். ஒரு நிமிடம் அந்த எண்களைப் பார்க்கச் சொன்னால், 36ம் 144ம் சேர்ந்து 180, 72ம் 108ம் சேர்ந்து 180 என்பது பிள்ளைகளின் கண்ணிலேயே படும். சுற்றி வரும் வரிசையில் 36ம் 144ம் பக்கத்துப் பக்கத்து மூலைகள். ஒரு பக்கத்தின் இரு முனைகளிலும் உள்ள உட்கோணங்களின் கூடுதல் 180 ஆனால், அந்த முனைகளிலிருந்து புறப்படும் மற்ற இரு பக்கங்களும் இணையாக இருந்தாக வேண்டும். எனவே அந்த உருவம் சரிவகம். இதைக் கேள்வி சொல்லவில்லை, கோணங்கள் சொல்கின்றன. அதே நான்கு கோணங்களை 36, 72, 144, 108 என்று வரிசை மாற்றி வைத்தால், 36க்கு எதிரே 144, 72க்கு எதிரே 108 வந்து, எதிர்க் கோணங்கள் மிகைநிரப்புக் கோணங்களாகிவிடுகின்றன, அதாவது அவற்றின் கூடுதல் 180 ஆகிவிடுகிறது. அப்போது நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும். உருவம் வட்ட நாற்கரம். ஒன்பதாம் வகுப்பில் இதே மாணவர்கள் வட்ட நாற்கரத்தைத் தனிப் பாடமாகப் படிக்கும்போது, அது முன்பே பார்த்த கணக்கின் தொடர்ச்சி என்று தெரியாமல், இன்னொரு சூத்திரமாக அதையும் மனப்பாடம் செய்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூல்களில் வரும் நாற்கரங்கள் பெரும்பாலும் அழகாக, ஏறக்குறைய இணைகரம் போலவோ செவ்வகம் போலவோ வரையப்படுகின்றன. பக்கங்கள் இணை என்று கேள்வியில் சொல்லப்படாதபோதும், பார்த்தால் இணையாகத் தெரிகிறது என்பதற்காக எதிர்க் கோணங்கள் சமம் என்று எழுதிவிடும் பிள்ளைகள் பலர். படம் அளவுப்படி வரையப்படவில்லை என்ற ஒரு வரியைச் சேர்ப்பதும், சில படங்களை வேண்டுமென்றே கோணலாக வரைவதும் அவசியம். கேள்வியில் கொடுக்கப்பட்டது எது, நாமாகக் கண்ணால் எடுத்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

இதைவிடப் பெரிய குறை, ஒரு மூலை உள்நோக்கி மடங்கிய உருவங்களை அநேகமாக யாருமே கொடுப்பதில்லை என்பது. ஒரு நாற்கரத்தின் மூன்று கோணங்கள் 50, 30, 25 என்று கொடுத்தால் நான்காவது 255 என்று வருகிறது. 180ஐத் தாண்டிய கோணம் ஒரு மூலையில் இருக்க முடியாது என்று எண்ணி, கணக்கே தவறு என்று நோட்டை மூடிவைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அம்பின் முனை போல வரைந்து காட்டி, உள்மடங்கிய மூலையின் உட்புறத்தில் இருப்பது பின்வளைகோணம் என்று விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள். அந்த மூலையின் வெளிப்புறத்தில் தெரியும் 105 பாகை, மற்ற மூன்றின் கூடுதலுக்குச் சரியாக இருப்பதையும் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். எல் வடிவத்தில் கட்டிய வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அதன் சுவர்க்கோடு ஓர் அறுகோணம். ஐந்து மூலைகள் 90, ஒன்று 270, மொத்தம் 720. அறுகோணம் என்றால் தேன்கூட்டுக் கண்ணறை போன்ற ஒழுங்கு உருவம் மட்டுமே என்று பதிந்துபோன மனத்துக்கு இந்த ஒரு படம் போதும்.

வெளிக்கோணங்களைப் பொறுத்தவரை, பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று நடக்கவிடுவதே சிறந்த வழி. ஒரு மனையின் எல்லையோரமாக ஒரு சுற்று நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து, புறப்பட்டபோது பார்த்த திசையையே பார்த்து நின்றால், வழியில் திரும்பிய திருப்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை. மனைக்கு மூன்று மூலையானாலும் முப்பது மூலையானாலும் இது மாறாது. எல் வடிவ மனையில் ஐந்து முறை ஒரு பக்கமாகவும் ஒரு முறை எதிர்ப்பக்கமாகவும் திரும்புகிறோம். 450இலிருந்து 90ஐக் கழித்தால் அங்கேயும் 360. ஓர் ஒழுங்கு பலகோணத்தின் உட்கோணம் 162 பாகை, பக்கங்கள் எத்தனை என்று கேட்டால், பெரிய சூத்திரத்தை எழுதிச் சமன்பாடு தீர்க்கத் தேவையே இல்லை. வெளிக்கோணம் 18, 360ஐ 18ஆல் வகுத்தால் 20 பக்கங்கள். உட்கோணம் 130 பாகை கொண்ட ஒழுங்கு பலகோணம் உண்டா என்ற கேள்விக்கும் இதே வழியில் விடை கிடைக்கிறது. வெளிக்கோணம் 50 ஆகிறது; 360ஐ 50 மீதியின்றி வகுக்காது; எனவே அப்படி ஓர் உருவம் இல்லை. இல்லை என்று காரணத்தோடு சொல்லும் விடையும் ஒரு விடைதான் என்று பிள்ளைகள் அறிய வேண்டும்.

நான் பணியாற்றிய துறையில் இந்தக் கூடுதலுக்கு இன்னொரு பயன் உண்டு. அதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பெரிய பரப்பை அளக்கும்போது அதைச் சுற்றி ஐந்து இடங்களில் கருவியை நிறுத்தி ஐந்து உட்கோணங்களையும் அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இதை மூடிய டிராவர்ஸ் என்பார்கள். கூடுதல் 540 பாகை வர வேண்டும். அளந்தவை 540 பாகை 40 விநாடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விநாடி) என்று வந்தால், 20 விநாடி வரை படிக்கும் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவிக்கு அது ஏற்கத்தக்க பிழையே. ஒவ்வொரு கோணத்திலும் 8 விநாடியைக் குறைத்துச் சரிசெய்து மேற்கொண்டு போகலாம். அரைப் பாகை மிகுந்தால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்று திரும்பப் போய் அளக்க வேண்டும். ஐந்தாவது மூலை முள்ளும் சேறுமாக இருக்கிறது என்று கருவியை அங்கே கொண்டுபோகாமல், நான்கை அளந்துவிட்டு ஐந்தாவதை 540இலிருந்து கழித்து எழுதிவிட்டால் கூடுதல் எப்போதும் சரியாகவே வரும். முதல் நான்கில் செய்த பிழைகள் அனைத்தும் அந்த ஐந்தாவதில் போய் ஒளிந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இருக்காது. தெரியாத ஒரு கோணத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கூடுதலைப் பயன்படுத்தியபின், அதே கூடுதலைக் கொண்டு நம் வேலையைச் சரிபார்க்க முடியாது. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே முதல் அடிப்படைக் கோட்டை அளந்து ஆங்கிலேய அதிகாரி லாம்டன் தொடங்கிவைத்த, நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் முக்கோண அளவையிலும், இரண்டு கோணங்கள் தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும் என்று விடாமல், முடிந்த இடங்களில் எல்லாம் மூன்றையும் அளப்பதே முறையாக இருந்தது. அவ்வளவு பெரிய முக்கோணங்களில், பூமி உருண்டை என்பதால், கூடுதல் 180ஐவிட ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விநாடி வீதம் மிகும் என்பதையும் அவர்கள் கணக்கில் கொண்டார்கள்.

பொதுமக்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்றும் இதே பாடத்தில் இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று பக்க அளவுகள் தெரிந்தால் அதன் கோணங்கள் நிலைத்துவிடும். நாற்கரத்துக்கு நான்கு பக்க அளவுகள் தெரிந்தாலும் கோணங்கள் நிலைக்காது. நான்கு குச்சிகளை முனைகளில் ஆணியடித்துக் கட்டிப் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துகொண்டே போகும். குறுக்கே ஒரு குச்சியை வைத்துக் கட்டிவிட்டால் அசையாது. நான்கு பக்கமும் 40 அடி என்று சொல்லி ஒரு மனையை விற்றால், மூலைகள் 90 பாகையாக இருந்தால் மட்டுமே அது 1,600 சதுர அடி. ஒரு மூலை 60 பாகையாகச் சாய்ந்திருந்தால் பரப்பு ஏறத்தாழ 1,386 சதுர அடிதான். வாங்குபவருக்கு ஏறக்குறைய அரை சென்ட் குறைகிறது. எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கிப் பரப்பைச் சொல்லிவிடும் வழக்கம் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறது. அந்த வழியில் வரும் அளவு உண்மைப் பரப்புக்குக் குறைவாக ஒருபோதும் வராது. மூலைகள் எல்லாம் 90 பாகையாக இல்லாத மனைகளில் கூடுதலாகவே வரும். நில அளவைப் புலப்படங்களில் வயலின் குறுக்கே கோடுகள் ஓடுவதன் காரணமும், மனை வாங்குபவர் மூலைவிட்டத்தையும் அளந்து பார்க்க வேண்டியதன் காரணமும் எட்டாம் வகுப்பு வடிவியலில்தான் இருக்கின்றன. நான்கு பக்கங்களை மட்டும் கொடுத்துவிட்டு, இதைக் கொண்டு கோணத்தைக் காண முடியுமா, முடியாதென்றால் இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று கேட்கும் ஒரு வினாவை நான் எந்த வழிகாட்டி நூலிலும் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. வினாத்தாள் அமைப்பவர்கள், இரண்டு மதிப்பெண் கோணக் கணக்கு என்றால் அதில் ஒன்றைக் காரணத்துக்கு ஒதுக்க வேண்டும். "நாற்கரத்தின் கோணங்களின் கூடுதல்", "நேர்கோட்டின் மேல் அமைந்த கோணங்கள்", "இணைகோடுகளின் ஒன்றுவிட்ட கோணங்கள்" என்று ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் சுருக்கமாக எழுதினால் போதும். அதற்கு அதிக நேரம் ஆகாது. இப்படி எழுதச் சொல்லி வற்புறுத்தும் ஆசிரியர்கள் இன்றும் பல பள்ளிகளில் இருக்கிறார்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லாததால் அவர்களுடைய உழைப்பு மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வீண் வேலையாகத் தோன்றிவிடுகிறது. மதிப்பெண் திட்டம் மாறினால் வழிகாட்டி நூல்களும் தாமாகவே மாறும்.

மற்றொன்று தங்களுக்கு. மாணவர் பகுதியில் இனி வெளியாகும் தீர்வுகளில் ஒவ்வொரு படிக்கும் காரணத்தைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் பத்துக் கணக்குகளுக்குப் பதிலாக ஐந்து போட்டாலும் நன்மையே. அடுத்த முறைக்கு என் பங்காக ஒரு வினாவையும் அனுப்புகிறேன்: "எந்த மூலையும் உள்நோக்கி மடங்காத ஒரு பலகோணத்தில், அதற்கு எத்தனை பக்கங்கள் இருந்தாலும், மூன்றுக்கு மேற்பட்ட குறுங்கோணங்கள் இருக்க முடியாது. ஏன்?" இதற்கு எண்ணாக எழுத விடை எதுவும் இல்லை, வெளிக்கோணங்களைப் பற்றி மேலே எழுதியதே இதைத் தீர்க்கப் போதும். மாணவர்கள் எழுதி அனுப்பும் காரணங்களில் தெளிவானவை சிலவற்றை, அவர்களுடைய சொற்களிலேயே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.